பூச்சி ஒட்டிய நோட்டிலிருந்து பிரிட்டன் சிறை வரை: லாக் புத்தகத்தின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

நான் சிஸ்டம் அட்மின் வேலை பார்க்கிறவன்னு தெரிஞ்சதும் பசங்க கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் மூணுதான். வீட்ல வெச்சுப் பழக எந்த சர்வர் வாங்கலாம்? எந்த லேப்டாப் நல்லா உழைக்கும்? எந்த சர்டிஃபிகேட் படிச்சா வேலை கிடைக்கும்? மூணுமே நியாயமான கேள்விதான். ஆனா நான் முதல்ல வாங்கச் சொல்றது ஒரு கோடு போட்ட நோட்டு. தெருமுனைக் கடையில கிடைக்கிற சாதா நோட்டு. கூட ஒரு பேனா.

கேட்கிறவங்க சிரிப்பாங்க. கிளவுட் காலத்துல நோட்டா? சரி, சிரிங்க. ஆனா இந்த எபிசோட் முடியும்போது நான் ஏன் அப்படிச் சொல்றேன்னு உங்களுக்கே புரியும்னு நினைக்கிறேன். கம்ப்யூட்டர் வரலாறுன்னா நமக்குக் கண்டுபிடிச்சவங்க பேர்தான் ஞாபகம் வரும். அந்த மெஷினை ராத்திரி பகலா ஓட வெச்சவங்களோட வரலாறு வேற ஒரு இடத்துல இருக்கு. அவங்க எழுதிவெச்ச லாக் புத்தகத்துல. இன்னிக்கு அந்தப் புத்தகத்தோட கதை.

கப்பலில் இருந்து வந்த வார்த்தை

முதல்ல, லாக்னு ஏன் சொல்றோம்? லாக்னா ஆங்கிலத்துல மரக்கட்டை. பழைய பாய்மரக் கப்பல்களில் வேகம் பார்க்க ஒரு வழி இருந்தது. ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கம் கடலில் போடுவார்கள். கயிற்றில் ஒரே இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். கப்பல் முன்னால் போகப் போகக் கயிறு ஓடும். அரை நிமிட மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியாகப் போகிறது என்று எண்ணுவார்கள். கப்பல் வேகத்தை இன்னிக்கும் நாட் கணக்குல சொல்றோமே, அதுக்கு அர்த்தமே முடிச்சுதான். அந்த எண்ணிக்கையை எழுதிய புத்தகம் லாக் புத்தகம் ஆனது. நீங்க தினமும் பண்ற லாகின்ல இருக்கிற லாகும் அந்தக் கட்டை வழியா வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நடுக்கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல ஆள் கிடையாது. எழுதிய கணக்கை வைத்துத்தான் கப்பல் இருக்கும் இடத்தைக் கணித்தார்கள். ஒரு ராத்திரி எழுதுபவர் தூங்கிவிட்டு, காலையில் மனதுக்குத் தோன்றிய எண்ணைப் போட்டால் கப்பல் பாறையில் மோதலாம். அதனால் லாக் புத்தகத்தில் பொய் எழுதுவது சாதாரணத் தப்பாகக் கருதப்படவில்லை.

1947: டேப் போட்டு ஒட்டிய பூச்சி

1947 செப்டம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கே மார்க் 2 என்ற கம்ப்யூட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது சிலிக்கான் சிப் காலம் இல்லை. ரிலே என்னும் சின்னச் சின்ன மின் சுவிட்சுகள் படபடவென்று திறந்து மூடிக் கணக்குப் போட்ட காலம். மத்தியானம் 3:45. மெஷின் தகராறு செய்கிறது. ஆபரேட்டர்கள் தேடிப் பார்க்கிறார்கள். எஃப் பேனலில் 70ஆம் எண் ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி மாட்டிச் செத்துக் கிடக்கிறது.

அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தப் பூச்சியை எடுத்து, லாக் புத்தகத்திலேயே டேப் போட்டு ஒட்டிட்டாங்க. பக்கத்திலேயே, நிஜமாகவே ஒரு பூச்சி பிடிபட்டது இதுதான் முதல் தடவை என்கிற பொருளில் ஒரு வரி. அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது, பூச்சியோடு.

இந்தக் கதையை வாட்ஸப்ல வேற மாதிரி படிச்சிருப்பீங்க. கிரேஸ் ஹாப்பர்தான் பூச்சியைக் கண்டுபிடிச்சாங்க, அன்னிக்குத்தான் பக்ங்கிற வார்த்தையே பிறந்ததுன்னு. ரெண்டுமே சரியில்ல. ஹாப்பர் அந்தக் குழுவில் இருந்த மிகப் பெரிய ஆள், பிற்காலத்தில் மேடைக்கு மேடை இந்தக் கதையைச் சொல்லிப் பிரபலமாக்கியவர். ஆனால் பூச்சியைப் பிடித்தவர்கள் ஆபரேட்டர்கள். பக் என்ற வார்த்தையும் பழசு. இயந்திரக் கோளாறைக் குறிக்க எடிசன் 1878லேயே தன் கடிதத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். அந்த லாக் வரி ஒரு ஜோக். இவ்வளவு நாளா பக், பக்னு சொல்லிட்டிருந்தோம், இன்னிக்கு நிஜப் பூச்சியே சிக்கிடுச்சுப்பா என்கிற ஜோக். வார்த்தை முன்னாடியே இருந்ததால்தான் அது ஜோக்காவே வேலை செய்யுது.

எனக்கு இதில் பிடித்தது ஜோக் மட்டும் இல்லை. நேரம் எழுதியிருக்கிறார்கள். பேனல் எழுதியிருக்கிறார்கள். ரிலே எண் எழுதியிருக்கிறார்கள். ஆதாரத்தையே ஒட்டியிருக்கிறார்கள். நாளைக்கு இன்னொருத்தர் வந்து அதே ரிலேயைத் திறந்து பார்க்கலாம். இன்னிக்கு நம்ம ஆபீஸ் டிக்கெட்ல பாருங்க. பிரச்சினை சரி செய்யப்பட்டது, நன்றி, அவ்வளவுதான். எது கெட்டுச்சு, எப்படிச் சரியாச்சு? அது எழுதினவருக்கே அடுத்த வாரம் ஞாபகம் இருக்காது.

1969: புத்தகத்தில் ஒற்றை வரி

அடுத்து 22 வருஷம் தாண்டுவோம். 1969 அக்டோபர் 29, ராத்திரி 10:30. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஓர் அறை. சார்லி க்ளைன் என்ற மாணவர், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் வழியாக நுழையப் பார்க்கிறார். அந்தப் பக்கம் பில் டுவால். லாகின் என்று டைப் செய்ய வேண்டும். எல் போனது. ஓ போனது. மூன்றாவது எழுத்தில் அந்தப் பக்க மெஷின் விழுந்துவிட்டது. சரிசெய்து ஒரு மணி நேரம் போல் கழித்து முழு இணைப்பும் கிடைத்தது.

இன்டர்நெட்டின் தாய் என்று சொல்லப்படும் ஆர்பாநெட்டின் முதல் செய்தி இதுதான். இதுக்கு போட்டோ இல்லை. பத்திரிகைக்காரர் யாரும் வரவில்லை. இருப்பது ஒரு லாக் புத்தகம், அதில் ராத்திரி பத்தரை மணி என்று போட்டு ஒற்றை வரி. ஸ்டான்ஃபோர்டு மெஷினோடு, மெஷினுக்கு மெஷின் பேசினோம் என்று. ஓரத்தில் க்ளைனின் இனிஷியல். அவ்வளவுதான்.

அந்த நோட்டுல அன்னிக்கு அவர் அந்த வரியைப் போடலைன்னா, இன்னிக்கு இந்த நாளை இவ்வளவு துல்லியமா சொல்ல முடியுமாங்கிறதே சந்தேகம்தான். வரலாறு எழுதுறோம்னு நெனச்சு அவர் எழுதலை. டியூட்டி, எழுதினார். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? மெஷின் நடுவுல விழுந்த விஷயம் அந்த வரியில இல்லை. அதை அவங்க பின்னாடி வாயால சொல்லித்தான் நமக்குத் தெரியும். வெற்றியை எழுதுவது சுலபம், விழுந்ததை எழுதக் கை கொஞ்சம் தயங்கும். இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

1986: 75 சென்ட்

இப்போ என்னோட ஃபேவரைட் கதை. 1986. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். க்ளிஃபர்ட் ஸ்டோல் ஒரு வானியல் ஆராய்ச்சியாளர். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனதால், வேலையை விட்டு அனுப்பாமல், அதே ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரை எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்களோ அதற்குக் காசு கட்ட வேண்டும். கணக்குப் பார்க்க இரண்டு புரோகிராம்கள். இரண்டுக்கும் நடுவில் 75 சென்ட் இடித்தது. நம்ம ஊர்ல சில்லறைன்னு விட்டுடுவோம். புது ஆள் என்பதால் இதைப் பாருங்கள் என்று அவரிடம் தள்ளிவிட்டார்கள்.

தோண்டிப் பார்த்தால், ஹண்டர் என்று ஒரு பயனர். அவருக்கு பில் அனுப்ப முகவரியே இல்லை. அப்படி ஒருவரை யாரும் சேர்க்கவில்லை. யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள், அதுவும் மெஷினில் எதை வேண்டுமானாலும் செய்யக்கூடிய முழு அதிகாரத்தோடு.

இங்கேதான் ஸ்டோல் ஒரு அற்புதமான வேலை செய்தார். திருடனைக் கவனிக்க அந்த மெஷினிலேயே ஒரு புரோகிராம் போட்டால் திருடன் அதைப் பார்த்துவிடுவான். மெஷினில் இருக்கும் லாகை அழித்தும் விடுவான். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் வீட்டுக்குப் போனபின், சக ஊழியர்களின் மேஜையில் இருந்த டெர்மினல்களையும் பிரிண்டர்களையும் கடனாகத் தூக்கிக்கொண்டு வந்து, உள்ளே வரும் 50 தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டினார். அன்று ராத்திரி அங்கேயே படுத்தார். வருபவன் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் பேப்பரில் அச்சாகிக் கிடந்தது. திருடன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், ஹார்ட் டிஸ்கில் இருப்பதை அழிக்கலாம், பேப்பரில் இருப்பதை அழிக்க முடியாது.

கூடவே வானியல் படித்தவர் என்பதால், பார்த்ததையெல்லாம் தேதி, நேரம் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். ஆரம்பத்தில் எஃப்பிஐ ஆர்வம் காட்டவில்லை. 75 சென்ட் நஷ்டத்துக்கு வழக்கா என்ற கேள்விதான் வந்தது. ஸ்டோல் விடவில்லை. வருபவன் எத்தனை மணிக்கு வருகிறான், பதில் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எல்லாவற்றையும் எழுதி, இவன் அமெரிக்காவுக்கு வெளியே எங்கோ தூரத்தில் இருக்கிறான் என்று ஊகித்தார். பிறகு ராணுவ ரகசியம் போலத் தோன்றும் போலி ஆவணங்களை வைத்து அவனை நீண்ட நேரம் உட்கார வைத்தார். அதற்குள் தொலைபேசி இணைப்பைப் பின்தொடர்ந்து, மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம் வரை போனார்கள். மார்கஸ் ஹெஸ் என்பவர். திருடிய தகவல் சோவியத் உளவுத்துறை கேஜிபிக்கு விற்கப்பட்டது. ஜெர்மனியில் நடந்த வழக்கில் ஸ்டோல் சாட்சி சொன்னார், 1990ல் தண்டனை வந்தது.

இதுல கேட்ஜெட்னு பார்த்தா கடன் வாங்கின பிரிண்டர்தான். இன்னிக்கு லட்சக்கணக்குல காசு போட்டு லாக் அலசுற சாஃப்ட்வேர் வாங்குற கம்பெனிகளைப் பார்க்கிறேன். ரொம்ப நல்ல சாஃப்ட்வேர்தான். ஆனா அந்த லாக் எல்லாம் அதே அட்மின் பாஸ்வேர்டுக்கு உள்ளேயே இருக்கும். உள்ள புகுந்தவன் முதல்ல அழிக்கப்போறது அதைத்தான். அழிக்க முடியாத இடத்துல ஒரு பிரதி வைங்கன்னு ஸ்டோல் 1986லயே செஞ்சு காட்டிட்டார்.

1988: மருந்து இருந்தும் போய்ச் சேரவில்லை

இரண்டே வருஷம் கழித்து, 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டேப்பன் மாரிஸ் ஒரு புரோகிராமை இன்டர்நெட்டில் விட்டார். தானாகவே பிரதி எடுத்து மெஷினுக்கு மெஷின் தாவும் வகை, அதாவது வோர்ம். நினைத்ததைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவி, ஆயிரக்கணக்கான மெஷின்கள் திணறி நின்றன. நாடு முழுக்க சிஸ்டம் அட்மின்கள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

கதையில் ஒரு சின்னத் திருப்பம். மாரிஸின் நண்பர் ஒருவர், இதை எப்படித் தடுப்பது என்று பெயர் போடாமல் ஒரு செய்தி அனுப்பினார். சரியான மருந்து. ஆனால் அனுப்பியது எதில்? அதே நெட்வொர்க்கில். நெட்வொர்க் நெரிசலில் சிக்கியிருந்தது, பல இடங்களில் பயந்துபோய் இணைப்பையே துண்டித்திருந்தார்கள். அந்தச் செய்தி பலருக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. ஒரே மாதத்துக்குள் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசர உதவி மையம் தொடங்கப்பட்டது. அங்கே முக்கியமான கருவிகளில் ஒன்று, எந்நேரமும் ஆள் எடுக்கும் ஒரு தொலைபேசி.

33 வருஷம் கழிச்சும் பாடம் மாறலை. 2021 அக்டோபர் 4, ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸப் மூணும் ஆறு மணி நேரம் போல உலகம் முழுக்க படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. அதைச் சரிசெய்ய வேண்டிய உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்தன. கடைசியில் பொறியாளர்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. சாவியைப் பெட்டிக்குள்ளே வெச்சுப் பூட்டின கதைதான்.

அதனாலதான் நான் நோட்டுன்னு சொல்றது. சர்வர் விழும்போது என்ன செய்யணும்ங்கிற குறிப்பு அதே சர்வர்ல இருந்தா அது குறிப்பே இல்ல. முக்கியமான ஃபோன் நம்பர், ஐபி முகவரி, எதை முதலில் எழுப்ப வேண்டும் என்ற வரிசை, இது மட்டுமாவது காகிதத்துல இருக்கட்டும். பாஸ்வேர்டு மட்டும் அதுல வேண்டாம்.

2017: ஊரே பார்க்க எழுதிய நோட்டு

2017 ஜனவரி 31. கிட்லேப் என்ற நிறுவனம். உலகம் முழுக்க உள்ள புரோகிராமர்கள் தங்கள் கோடை வைத்திருக்கும் தளங்களில் ஒன்று. அன்று டேட்டாபேஸில் தொல்லை. மெயின் சர்வரிலிருந்து துணை சர்வருக்குப் பிரதி போவது நின்றுவிட்டது. ராத்திரி ஆகிவிட்டது, ஒரு பொறியாளர் வேலையை முடித்துக் கிளம்பும் நேரம். துணை சர்வரில் இருக்கும் பழைய டேட்டாவை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரதி எடுக்கலாம் என்று அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடியில் தெரிந்தது, அவர் இருந்தது மெயின் சர்வரில். நிறுத்தினார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபி மிச்சம்.

பரவாயில்லை, பேக்கப் இருக்குமே? ஐந்து வழிகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தினமும் எடுக்கப்படும் டேட்டாபேஸ் பிரதி, சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாததால் எடுக்கப்படவே இல்லை. தோல்வி அடைந்தது என்று சொல்ல வேண்டிய மெயில்கள் யாருக்கும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. கிளவுட் டிஸ்க் ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வருக்குப் போடப்படவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு ஒரு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதிர்ஷ்டம், வேறென்ன சொல்ல.

பேக்கப் பத்தி நான் எப்பவும் சொல்றதுதான்: எடுத்த பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்க்காத வரை அது ஒரு நம்பிக்கை மட்டும்தான். ஆனா இந்தக் கதைக்காக கிட்லேப்பை நான் கொண்டுவரலை.

அந்த ராத்திரி அவர்கள் ஒரு ஆவணத்தை இணையத்தில் திறந்து வைத்தார்கள். என்ன நடந்தது, எந்த பேக்கப் ஏன் வேலை செய்யவில்லை, அடுத்து என்ன முயற்சி, எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். சுமார் 18 மணி நேரம் கழித்துத் தளம் திரும்பியது. ஆறு மணி நேர டேட்டா போனது: ஏறத்தாழ 5,000 புராஜெக்ட், 5,000 கமென்ட், 700 புதுப் பயனர் கணக்கு. பின்னர் வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை, குழு உறுப்பினர் 1 என்றுதான் இருந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை.

அந்த அறிக்கையை எத்தனையோ கம்பெனிகளில் படித்து, உடனே தங்கள் பேக்கப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். நானும்தான். ஒருத்தர் விழுந்த குழியில இன்னும் நூறு பேர் விழாம இருக்க அந்த நோட்டு போதுமா இருந்துச்சு.

பிரிட்டன்: எழுதினார்கள், காட்டவில்லை

இப்போ இன்னிக்கு நான் சொல்ல வந்த கதை. சிரிக்க இதுல ஒண்ணும் இல்லை.

பிரிட்டனில் பல அஞ்சலகங்கள் ஒரு கிராமத்து மளிகைக்கடையின் ஓர் ஓரத்தில் இருக்கும். கடைக்காரரே அதை ஒப்பந்தத்தில் நடத்துவார். 1999லிருந்து அந்த அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்தது. ஃபுஜிட்சு நிறுவனத்துடையது. தினமும் கல்லாவில் இவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று அது கணக்குக் காட்டும். பல இடங்களில் அது காட்டிய தொகைக்கும் கையில் இருந்த பணத்துக்கும் ஆயிரக்கணக்கான பவுண்டு வித்தியாசம் வந்தது. குறைந்த பணத்தை நடத்துபவரே கட்ட வேண்டும் என்று அஞ்சல் நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டியது. சேமிப்பைக் கரைத்தார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள். உதவி எண்ணுக்குப் போன் செய்தால், உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று சொன்னார்கள் எனப் பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

1999க்கும் 2015க்கும் நடுவில் 900 பேருக்கும் மேல் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களில் தண்டிக்கப்பட்டார்கள். அதில் சுமார் 700 வழக்குகளைப் போட்டது அஞ்சல் நிறுவனமே. சிலர் சிறைக்குப் போனார்கள். 2010ல் சர்ரே பகுதியில் அஞ்சலகம் நடத்திய ஒரு பெண்ணுக்கு 15 மாதச் சிறை. அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார். சிலர் உயிரையே விட்டார்கள்.

சட்டமும் அவர்களுக்கு எதிராக நின்றது. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்ப்யூட்டர் ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைப்பவர், அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும். 1999ல் வந்த சட்டம் அந்த நிபந்தனையை நீக்கியது. அதற்கப்புறம், மாறாகக் காட்டப்படும் வரை கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஒரு மளிகைக்கடைக்காரர் எப்படி மாறாகக் காட்டுவார்? அதற்கு வேண்டிய லாக் அவரிடம் இல்லையே.

லாக் இருந்தது. லண்டனுக்கு மேற்கே பிராக்னெல் என்ற ஊரில் ஃபுஜிட்சுவின் தொழில்நுட்ப உதவிக் குழு. நம்மளை மாதிரி ஆட்கள். அவர்கள் தெரிந்த பிழைகளுக்கு என்று தனியாக ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். எந்தப் பிழை வந்தால் திரையில் எப்படித் தெரியும், காரணம் என்ன, தற்காலிகமாக என்ன செய்யலாம் என்று ஆயிரக்கணக்கான பதிவுகள். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில் ஓர் அஞ்சலகத்தைப் பாதித்த பிழை பற்றி, இது பல வருஷமாக இருக்கிறது, பெரும்பாலான வாரங்களில் சில கிளைகளையாவது தொடுகிறது என்கிற கருத்தில் 2006லேயே ஒரு பொறியாளர் மெயில் எழுதியிருக்கிறார். அந்தக் குழுவினரால் கடைக்காரருக்குத் தெரியாமலே தூரத்திலிருந்து அவருடைய கணக்கில் பதிவு சேர்க்கவும் முடிந்தது. அப்படி முடியவே முடியாது என்று பல வருஷம் வெளியில் சொல்லப்பட்டது.

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் அஞ்சலக நடத்துநர் தலைமையில் 555 பேர் வழக்குப் போட்டார்கள். அந்தப் பதிவேடு வேண்டும் என்று கேட்டபோது, அது வழக்குக்குத் தேவையில்லாதது என்று அஞ்சல் நிறுவனம் எதிர்த்தது. கடைசியில் வெளியே வந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கிளைக் கணக்குகளைப் பாதித்தன என்று தீர்ப்பு எழுதினார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. அந்த சர்ரே பெண்ணும் அதில் ஒருவர். 2024 மே மாதம், மீதி இருந்தவர்களின் தண்டனையை மொத்தமாக ரத்து செய்ய நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டமே போட்டது.

இந்தக் கதையைப் படிச்சப்போ எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. பிராக்னெல்ல இருந்தவங்க சோம்பேறிகள் இல்ல. எழுத வேண்டியதை எழுதினாங்க. ஹார்வர்டு ஆபரேட்டர் பூச்சியை ஒட்டின மாதிரி, பிழையைப் பிடிச்சு நேரம் போட்டுப் பதிவும் பண்ணாங்க. ஆனா அந்த நோட்டு யாருக்கு மிக மிகத் தேவையோ, அவங்க கண்ணுல படவே இல்லை.

என் கருத்து

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில, சர்வர் விழுந்தா ஒரு ஃபார்ம் நிரப்பணும். அதுல முதல் கட்டமே, யார் பொறுப்பு? ரெண்டாவது கட்டம்தான், என்ன நடந்தது? நான் சேர்ந்த புதுசுல அந்த ஃபார்ம்ல பாரா பாராவா இருக்கும். யாருக்கு இன்கிரிமென்ட் கட் ஆச்சுன்னு பேச்சு பரவப் பரவ, பதிவு சுருங்கிக்கிட்டே வந்துச்சு. ஒரு வருஷத்துல எல்லா ஃபார்ம்லயும் ஒரே வரி: ரீஸ்டார்ட் செய்யப்பட்டது, இப்போது சரியாக உள்ளது. மேனேஜருக்கு சந்தோஷம், பிழை குறைஞ்சிடுச்சுன்னு. பிழை குறையலை. எழுதுறது நின்னுபோச்சு.

அதனால இந்த வேலைக்கு வர்ற தம்பி தங்கைகளுக்கு நாலு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, பார்த்ததை முதல்ல எழுதுங்க, நெனச்சதை அப்புறம் எழுதுங்க. 3:45, எஃப் பேனல், 70ஆம் ரிலே. காரணம் என்னன்னு ஊகிக்கிறது அடுத்த வரி.

ரெண்டு, லாக் ஒரு பிரதியாவது அந்த மெஷினுக்கு வெளியே இருக்கட்டும். திருடனும் கை வைக்க முடியாம, நெட்வொர்க் படுத்தாலும் கிடைக்கிற இடத்துல.

மூணு, நீங்க டீம் லீடா ஆனா, அந்த ஃபார்ம்ல இருந்து யார் பொறுப்புங்கிற கட்டத்தை எடுத்துடுங்க. ராத்திரி 11 மணிக்கு ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு கட்டளையில எல்லாத்தையும் அழிக்க முடியுதுன்னா, அப்படி அமைச்சு வெச்சது யாரு, எத்தனை பேருன்னு கேட்கிறதுதான் உபயோகம்.

நாலாவது, பிரிட்டன் கதையிலிருந்து. நீங்க பார்த்துக்கிற சிஸ்டம் சொல்ற கணக்கை வெச்சு யாரோ ஒருத்தருக்குச் சம்பளம் பிடிக்கிறாங்க, கடன் மறுக்கிறாங்க, ஆன்லைன் பரிட்சையில காப்பி அடிச்சேன்னு சொல்றாங்க, டெலிவரி பசங்களோட ஐடியை முடக்குறாங்க. அந்த சிஸ்டத்துல பிழை இருக்குன்னு உங்க டிக்கெட்ல எழுதியிருந்தா, பாதிக்கப்பட்டவருக்கு அது தெரிய வழி இருக்கான்னு ஒரு தடவை கேளுங்க. மீட்டிங்ல கேளுங்க, மெயில்ல கேளுங்க. எழுத்துல கேட்டா இன்னும் நல்லது. பதில் வராமலும் போகலாம். ஆனா கேட்டதுக்குப் பதிவு இருக்கும்.

இன்னிக்கு ஏஐ கோடி வரி லாகைப் படிச்சு மூணு வரியில சுருக்கித் தருது. நானும் பயன்படுத்துறேன், நேரம் நிறைய மிச்சமாகுது. ஆனா எழுதாம விட்டதை அதால சுருக்க முடியாது. மறைச்சு வெச்ச பதிவேட்டை அதுக்கும் யாரும் காட்டப் போறதில்ல. அந்த ரெண்டு வேலையும் இன்னும் ஆள் கையிலதான் இருக்கு.

சரி, எந்த சர்வர் வாங்கலாம்னு கேட்டவங்களுக்கும் பதில் சொல்லிடுறேன், இல்லைன்னா சண்டைக்கு வருவீங்க. வீட்ல தூங்குற பழைய லேப்டாப் போதும். லினக்ஸ் போடுங்க, ஏதாவது ஓட விடுங்க, அது கண்டிப்பா ஒரு நாள் விழும். விழுந்த நேரத்தை நோட்டுல எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்க்கிறது எப்படின்னு ஒவ்வொரு படியா பார்ப்போம்.